ஒளிக்கு மடை திருப்பும் ஒலி

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கிழக்கே நடந்தால் சோலை நகர்க் கடல் வந்துவிடும். அலையைப் பற்றி எழுதப் புகுந்தவன் அக்கடலில் தொடங்குவதே முறை. நானோ வீட்டின் பின்கட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் தொடங்குகிறேன். கடல்நீர் கரையோரம் மணல் கலங்கியது; தொட்டி நீர் தெளிந்தது. இங்கே சொல்லவிருக்கும் செய்திக்குத் தெளிந்த நீர்தான் வேண்டும்.

உச்சிப்பொழுதில் வெயில் நேரே இறங்கும் வேளை, அத்தொட்டி நீரை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். அடித்தளத்தில் பொன்னிழை போன்ற ஒளிக்கோடுகள் வலைவலையாய் எழுந்து ஓடும். ஓரிடத்தில் ஒளி குவிகிறது. அடுத்த இடத்தில் மங்குகிறது. நீர் ஒளியைத் தடுத்ததா? இல்லை. உறிஞ்சியதா? அதுவும் இல்லை. மேலே விழுந்த ஒளி ஏறக்குறைய அவ்வளவும் கீழே வந்து சேர்ந்திருக்கிறது. நீர்ப்பரப்பின் மேடும் பள்ளமும் ஒளியின் போக்கைச் சற்றே திருப்பின. அத்திருப்பமே கீழே கோலமாயிற்று. வயலில் நீரை அடைத்து நிறுத்துவது ஒரு முறை. மடை திருப்பி வேண்டிய பாத்திக்கு விடுவது மற்றொரு முறை. தெளிந்த பொருளின் அலை ஒளிக்குச் செய்வது இந்த இரண்டாம் வேலை.

இன்றைய மேம்பட்ட படமாக்கக் கருவிகள் பலவற்றின் உயிர்நாடி இந்த மடைதிருப்பல்தான். ஒளியின் வலிமையையோ, திசையையோ, அலையின் ஏற்ற இறக்க நிலையாகிய கட்டத்தையோ நாம் விரும்பியபடி நேரத்துக்கு நேரம் மாற்றுவதை ஒளிப் பண்பேற்றம் என்கிறோம். நுண்ணோக்கியின் ஒளிக்கதிரை ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்வதும், ஒரு மூலக்கூறு எத்துணை நேரம் ஒளிர்கிறது என்று அளக்க ஒளியை நொடிக்குக் கோடி முறை மின்னச் செய்வதும், சதைக்குள் சிதறும் ஒளியை முன்கூட்டியே வளைத்து ஆழத்தில் குவியச் செய்வதும் இதனால்தான் நிகழ்கின்றன. இவற்றில் எல்லாம் வேகமே திறவுகோல். மூளையின் நரம்பணு ஒன்றில் எழும் மின்துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் எழுந்து அடங்கிவிடுகிறது. அதற்குள் பல அணுக்களைப் பார்த்து முடிக்காத கருவிக்கு அத்துடிப்பு நிகழவே இல்லை.

கண்ணாடியை ஆட்டி ஒளியைத் திருப்பலாமே என்று கேட்கலாம். திருப்புகிறார்கள். ஆனால் கண்ணாடிக்கு எடை உண்டு. எடையுள்ளது எதுவும் கிளம்பவும் நிற்கவும் நேரம் எடுக்கும். எடையே இல்லாத ஒரு கண்ணாடி வேண்டும். நினைத்த கணத்தில் தோன்றி, அடுத்த கணத்தில் வேறு வடிவம் கொள்ள வேண்டும். ஒலியலை அத்தகைய கண்ணாடியாகும் என்பதைக் கண்ட கதையில் பெருமைமிக்க பகுதி நம் நாட்டில், பெங்களூருவில், 1935இலும் 1936இலும் எழுதப்பட்டது. எழுதியவர் இருவர். ஒருவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன். மற்றவர் அவரிடம் ஆய்வு செய்த இளைஞர் நாகேந்திர நாத்.

இராமன் என்றவுடன் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவும், 1930இன் நோபல் பரிசும் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடநூல்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன. அது பெரும் குறை என்பேன். அக்கண்டுபிடிப்புக்கு ஏழாண்டு கழித்து வந்த இந்த ஆய்வு, உலகெங்கும் ஒளியியல் கூடங்களில் நாள்தோறும் இராமன்–நாத் என்ற பெயரால் வழங்கப்படுகிறது. நம் பிள்ளைகளில் பலர் அப்பெயரைக் கேட்டதே இல்லை.

கதையின் முன்பகுதி பிரான்சு நாட்டைச் சார்ந்தது. ஒலியலை செல்லும் பொருளில் ஒளி சிதறும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லெயோன் பிரிலுவன் 1922இலேயே கணக்கிட்டுச் சொன்னார். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகக் குவார்ட்சுப் படிகத்தை மின்னால் அதிரச் செய்து காதுக்குக் கேளாத மீயொலியை எழுப்பும் வழியைப் பாரிசில் பால் லாஞ்சுவன் வகுத்திருந்தார். அக்கருவியும் அக்கணக்கும் 1932இல் ஒன்று சேர்ந்தன. பாரிசில் இரெனே லூக்காவும் பியேர் பிக்காரும், ஐக்கிய அமெரிக்காவில் பீட்டர் டிபையும் பிரான்சிசு சியர்சும், ஒருவரை ஒருவர் சாராமல் அதே ஆண்டில் அதே காட்சியைக் கண்டார்கள். அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1 வரை இருந்தது. பாரிசில் பிறந்த அறிவு கப்பலேறி முத்தியால்பேட்டைக் கரையைக் கடந்திருக்கலாம். அதற்கு விளக்கம் எழுதிய கை கரையிலிருந்து மேற்கே, மலைகளுக்கு அப்பால், பெங்களூருவில் இருந்தது.

அவர்கள் கண்ட காட்சி இது. ஒரு கண்ணாடிப் பெட்டியில் நீர்மம். அதன் ஒரு பக்கத்தில் குவார்ட்சுத் தகடு. தகடு நொடிக்கு ஒரு கோடி முறை அதிர்கிறது என்று கொள்வோம். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். ஆகவே அடுத்தடுத்த இரு நெருக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.15 மில்லிமீட்டர். நெருங்கிய இடத்தில் நீரின் ஒளிவிலகல் எண் சற்றுக் கூடுகிறது. நெகிழ்ந்த இடத்தில் சற்றுக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத வரிகள் நீரெங்கும் சீராக எழுந்து நிற்கின்றன. குறுக்கே ஒரு மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தினால் எதிர்த்திரையில் ஒரு புள்ளி விழவேண்டிய இடத்தில் புள்ளிகளின் வரிசையே விழுகிறது. நடுவில் ஒன்று, இருபுறமும் ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்கடுக்காக.

இதுபோன்ற ஒன்றை நீங்களும் காணலாம். இரவில் தொலைவில் உள்ள தெருவிளக்கை நெருங்கிய நெசவுள்ள மெல்லிய துணி வழியாகப் பாருங்கள். பாவும் ஊடையும் ஒளியைப் பிரித்து, விளக்கைச் சுற்றிச் சிலுவை வடிவில் ஒளிப்புள்ளிகளை அடுக்கும். இயற்பியலில் இதை விளிம்பு விளைவு என்றும், இதைச் செய்யும் சீரான வரிகளைக் கீற்றணி என்றும் சொல்வோம். துணியில் நூல் ஒளியை மறைக்கிறது, இடைவெளி விடுகிறது. நீர்ப்பெட்டியில் மறைப்பதற்கு எதுவுமே இல்லை. முழுவதும் தெளிந்த நீர்மம், கீற்றணியாகிவிட்டது.

புள்ளிகள் எங்கே விழும் என்பதில் ஐயம் எழவில்லை. ஒளியின் அலைநீளம் 0.0006 மில்லிமீட்டர் என்றால், அதை 0.15ஆல் வகுக்க 250இல் ஒன்று. இரண்டரை மீட்டர் தள்ளித் திரை வைத்தால் புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டர். அளந்தபோதும் அப்படியே இருந்தது. புதிர் புள்ளிகளின் வெளிச்சத்தில் இருந்தது. ஒலியை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் ஓரப் புள்ளிகள் ஒரே சீராக வளரவேண்டும் என்றுதான் யாரும் நினைப்பர். அவையோ வளர்ந்தன, தேய்ந்தன, மீண்டும் வளர்ந்தன. ஒரு கட்டத்தில் நடுப்புள்ளியே அணைந்துபோய், சுற்றியிருந்தவை சுடர்ந்தன. ஒலியின் வரிகளில் பட்டு ஒளி எதிரொளிக்கிறது என்ற பழைய விளக்கத்தால் இத்தனை புள்ளிகள் தோன்றுவதையே சொல்ல இயலவில்லை. அவற்றின் ஏற்றத்தாழ்வு அதற்கு இன்னும் எட்டாததாயிற்று.

இந்தப் புதிர் இராமன் கைக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக 1906இல், பதினெட்டு வயதில், அவர் வெளியிட்ட முதல் ஆய்வுரையே விளிம்பு விளைவைப் பற்றியது. ஒளி அவருடைய ஒரு கண் என்றால், ஒலி மற்றொரு கண். வயலினின் நரம்பு அதிர்வை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரிய சோறு ஏன் அத்தோலுக்கு இசையொழுங்கைத் தருகிறது என்பதை 1920இல் எழுதி, 1934இல் மீண்டும் விரிவாக எழுதினார். வெறுந்தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாதவை. நடுவில் ஏற்றிய எடை அவற்றை முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. பல அதிர்வுகள் ஒரே பரப்பில் கூடி நிற்பதைக் காதாலும் கணக்காலும் அறிந்த ஒருவர், ஒளிக்கற்றை ஒன்று பல கிளைகளாகப் பிரிவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தோலைப் போல ஒளியின் முகப்பும் நெளிகிறது என்றே நினைப்பார்.

1933இல் இராமன் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அடுத்த ஆண்டே இந்திய அறிவியல் அகாதமியைத் தோற்றுவித்து, அதற்கென ஓர் ஆய்விதழும் தொடங்கினார். அவ்விதழில்தான் உயர் அதிர்வெண் ஒலியலைகளால் ஒளிக்கு நேரும் விளிம்பு விளைவு என்ற தலைப்பில் ஐந்து பகுதிகள் தொடர்ந்து வந்தன. முதல் இரண்டு 1935இல். எஞ்சிய மூன்று 1936இல். அதே கழகத்தில் பார்த்தசாரதி என்ற ஆய்வாளர் இதே ஒளிமுறையால் பல கரிம நீர்மங்களில் ஒலியின் வேகத்தை ஒன்றன்பின் ஒன்றாக அளந்துகொண்டிருந்தார். கணக்கும் கருவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

முதல் பகுதியின் கருத்தைத் தொட்டி நீரைக் கொண்டே சொல்லிவிடலாம். பெட்டிக்குள் நுழையும்போது ஒளியின் முகப்பு தட்டையான சுவர் போன்றது. ஒரு சென்டிமீட்டர் நீரைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம் நொடியை ஆயிரம் கோடியாகக் கூறிட்டதில் அரைக் கூற்றுக்கும் குறைவு. அதற்குள் ஒலி தன் அலைநீளத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட நகர்வதில்லை. எனவே ஒளியின் பார்வையில் ஒலியலை உறைந்து நிற்கிறது. நீர் நெருங்கிய இடத்தில் ஒளி சற்றுத் தாழ்கிறது. நெகிழ்ந்த இடத்தில் சற்று முந்துகிறது. தட்டையாய் நுழைந்த சுவர், நெளிநெளியாய், கூரைத் தகரம் போல் வெளியே வருகிறது. ஒளியில் ஒரு துளியும் குறையவில்லை. கட்டம் மட்டுமே நெளிந்திருக்கிறது. அந்த நெளிந்த முகப்பு தொலைவில் சென்று சேரும்போது எந்தெந்தத் திசையில் எவ்வளவு ஒளி என்று கணக்கிட்டால், பெசல் சார்புகள் என்று கணிதத்தார் நெடுநாளாக அறிந்திருந்த எண்வரிசை கிடைக்கிறது. மிருதங்கத் தோலின் அதிர்வுக் கணக்கிலும் வருவன அதே பெசல் சார்புகளே. இராமனுக்கு அவை பழைய நண்பர்கள்.

பெசல் சார்பு ஏறி இறங்கி ஏறும் இயல்புடையது. புள்ளிகளின் ஏற்றத்தாழ்வும் அவ்வாறே என்பது விளங்கிவிட்டது. நெளிவின் ஆழம் 2.405 என்னும் அளவை எட்டும்போது நடுப்புள்ளி முற்றும் அணையவேண்டும் என்று கணக்குச் சொன்னது. இதற்கு நீரின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறவேண்டும் தெரியுமா? ஒரு சென்டிமீட்டர் அகலப் பெட்டியில், ஓர் இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு. நீரின் எண் 1.33; அதில் ஐந்தாம் பதின்ம இடத்தில் நேரும் மாற்றம் ஒளியின் நடுக்கற்றையையே துடைத்துவிடுகிறது. இவ்வளவு சிறிய காரணம் இவ்வளவு பெரிய விளைவைத் தருவதால்தான் இது கருவியாயிற்று. குறைந்த ஆற்றலில் முழுக் கட்டுப்பாடு கிடைக்கிறது.

என் மதிப்பில் ஐந்தனுள் ஆழமானது மூன்றாம் பகுதி. உறைந்து நிற்பதாகக் கொண்ட ஒலியலை உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கிறது அல்லவா? நகரும் வரியிலிருந்து திரும்பும் ஒளியின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் மாறவேண்டும். முதல் புள்ளியின் ஒளி ஒலியின் அதிர்வெண்ணை ஒரு முறை கூட்டிக்கொள்கிறது. இரண்டாம் புள்ளி இருமுறை. மறுபுறப் புள்ளிகள் அவ்வாறே கழித்துக்கொள்கின்றன. ஒலி தன் பெயரை ஒளியின்மேல் எழுதிவிடுகிறது. பெட்டியின் மறுசுவரில் பட்டு ஒலி திரும்பி, நிலையலை ஆகும்போது இன்னொன்று நிகழ்கிறது. நிலையலையின் வரிகள் ஒவ்வோர் அதிர்விலும் இருமுறை தோன்றி இருமுறை மறைபவை. வரி இருக்கும்போது ஒளி சிதறும். இல்லாதபோது நேரே செல்லும். ஆகவே நொடிக்கு ஒரு கோடி அதிர்வுள்ள நிலையலையைக் கடந்த ஒளி நொடிக்கு இரண்டு கோடி முறை கூடிக் குறைகிறது. எந்தக் கதவும் திறந்து மூடாமல், எந்தச் சக்கரமும் சுழலாமல், தெளிந்த நீர்மம் ஒளியைக் கோடி முறை சிமிட்டச் செய்கிறது.

நாகேந்திர நாத் என்ற பெயரை இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும். பெரியவரின் பெயர் நிழலில் இளையவர் பெயர் மங்குவது உலக வழக்கு. இந்த ஐந்து பகுதிகளின் கணிதச் சுமையில் அவர் பங்கு பெரிது. செருமனியை விட்டு வெளியேறிய மேக்சு பார்ன் 1935இல் பெங்களூருவுக்கு வந்தபோது, அவரோடு சேர்ந்தும் ஆய்வுரை எழுதியவர் இவ்விளைஞர். நான்காம் ஐந்தாம் பகுதிகளில் இருவரும் எழுதிய பொதுச் சமன்பாடுகள், மெல்லிய பெட்டிக்கு மட்டுமன்றித் தடித்த படிகத்துக்கும் பொருந்துவன. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை, ஒளியைச் சாய்வாகச் செலுத்தி ஒரே ஒரு கிளையில் ஏறக்குறைய முழு ஒளியையும் திரட்டும் மற்றொரு வகையில் இயங்குகின்றன. அதற்குப் பிராக்கு என்பவரின் பெயர் வழங்குகிறது. ஆயினும் இவ்விரு வகைக்கும் தாயான சமன்பாடுகளை உலகம் இராமன்–நாத் சமன்பாடுகள் என்றே அழைக்கிறது.

ஒலியால் ஒளியைப் பண்பேற்றிப் படம் காட்டும் முயற்சி அந்நாளிலேயே தொடங்கிவிட்டது. 1934இல் இங்கிலாந்தில் செப்ரீ என்பவர் மீயொலிப் பெட்டி ஒன்றைத் தொலைக்காட்சிக்கு ஆக்கினார். இசுகோபொனி என்ற நிறுவனம் அதைக் கொண்டு பெருந்திரையில் படம் காட்டியது. அதில் உள்ள நுட்பம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. படத்தின் ஒரு வரியில் உள்ள புள்ளிகளின் ஒளி இருளுக்கு ஏற்ப ஒலியின் வலிமை மாறுகிறது. அவ்வொலி பெட்டிக்குள் நகர்ந்து செல்லும்போது, வரியின் பல புள்ளிகள் ஒரே நேரத்தில் நீர்மத்தில் எழுதப்பட்டு நிற்கின்றன. ஆனால் அவை நகர்கின்றனவே? சுழலும் கண்ணாடி ஒன்று அதே வேகத்தில் எதிர்ப்புறம் திருப்ப, திரையில் அவை அசையாமல் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும் காட்டிய பழைய முறையைவிட வெளிச்சம் பன்மடங்கு கூடியது. பிறகு மின்னணுக் குழாய் வந்து அக்கருவியை ஓரங்கட்டிவிட்டது.

1960இல் சீரொளி பிறந்தபோது இக்கலை மறுபிறவி எடுத்தது. லேசர் என்று நாம் சொல்லும் அவ்வொளி ஒரே அலைநீளமும் ஒரே திசையும் உடையதாதலால், ஒலியின் வரிகளுக்கு அது முழுமையாகக் கீழ்ப்படிகிறது. நீர்ப்பெட்டியின் இடத்தில் படிகங்கள் வந்தன. தொடக்கக்கால லேசர் அச்சுப்பொறியில் புள்ளிக்குப் புள்ளி ஒளியைத் திறந்து மூடியது இத்தகைய படிகமே.

இனி வேகத்தின் கணக்குக்கு வருவோம். ஒளிப் பண்பேற்றம் எவ்வளவு விரைவாக இயலும் என்பதை ஒளியின் வேகம் தீர்மானிப்பதில்லை. ஒலியின் வேகம் தீர்மானிக்கிறது. ஒளிக்கற்றை விழும் இடம் முழுவதையும் புதிய ஒலியலை கடந்து நிரப்பினால்தான் திருப்பம் முழுமையாகும். படமாக்கத்தில் பெரிதும் பயன்படும் டெலூரியம் டை ஆக்சைடுப் படிகத்தில் ஒருவகைக் குறுக்கலை மிக மெதுவாக, நொடிக்கு ஏறத்தாழ 620 மீட்டர் மட்டுமே, செல்கிறது. 6 மில்லிமீட்டர் அகலக் கற்றையை அது கடக்க 10 நுண்ணொடி ஆகும். நொடியைப் பத்து இலட்சமாகக் கூறிட்டதில் ஒன்று நுண்ணொடி. கற்றையைக் குறுக்கினால் நேரம் குறையும். ஒலி விரைந்து செல்லும் வகையில் படிகத்தை வெட்டி, கற்றையை 0.1 மில்லிமீட்டராகக் குவித்தால் நுண்ணொடியின் நாற்பதில் ஒரு பங்கே போதும்.

அப்படியானால் எப்போதும் குறுக்கிவிடலாமே? இயலாது. குறுகிய கற்றை விரைவில் விரிந்துவிடும். திசைக்குத் திசை வேறுபடுத்திக் காட்டக்கூடிய புள்ளிகள் குறைந்துவிடும். எத்தனை புள்ளிகளைத் தனித்தனியே சுட்ட இயலும் என்பதற்கு ஒரு பெருக்கல் உண்டு: ஒலியின் அதிர்வெண்ணை எந்த அளவுக்கு மாற்ற முடியுமோ அதனோடு, ஒலி கற்றையைக் கடக்கும் நேரத்தைப் பெருக்கவேண்டும். நொடிக்கு 5 கோடி அதிர்வு அகலமும் 10 நுண்ணொடியும் பெருகினால் 500 புள்ளிகள். நேரத்தைப் பாதியாக்கினால் புள்ளிகளும் பாதி. விரைவும் விரிவும் ஒரே தராசின் இரு தட்டுகள். இத்துறையில் நடக்கும் ஆய்வெல்லாம் இந்தத் தராசோடு நடத்தும் போராட்டம் என்றால் மிகையாகாது.

அப்போராட்டத்தின் பலனை மூளை ஆய்வில் காணலாம். கண்ணாடியை ஆட்டும் நுண்ணோக்கி, பார்க்க வேண்டாத இடங்களையும் வரி வரியாகத் தடவிச் செல்கிறது. விரைந்தாடும் கண்ணாடியாலும் நொடிக்கு முப்பது படத்தை ஒட்டியே எடுக்க இயலும். ஒலிப்படிகமோ இடைவெளியைத் தடவத் தேவையில்லை. ஒலியின் அதிர்வெண்ணை மாற்றியவுடன் ஒளி ஓர் அணுவிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள மற்றோர் அணுவுக்குத் தாவிவிடும். தாவலுக்கு 10 நுண்ணொடி என்றால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நூறு இடங்கள். அதிர்வெண் சீராக ஏறிக்கொண்டே செல்லும் ஒலியைச் செலுத்தினால், கற்றையின் ஒரு விளிம்பு கூடுதலாகவும் மறு விளிம்பு குறைவாகவும் வளையும். அதாவது ஒலியலையே ஒரு வில்லையாகிவிடும். அவ்வாறு எதிரெதிராக ஓடும் இரு அலைகளை இணைத்து ஆழத்திலும் தாவலாம் என்பதை 2005இல் ஐக்கிய அமெரிக்காவில் இரெட்டியும் சாகாவும் காட்டினர். புடாபெசுட்டில் உரோசாவின் குழுவினர் 2012இல் உயிருள்ள மூளையில் முப்பரிமாணமாக நரம்பணுக்களின் துடிப்பைத் தொடர்ந்தனர். திசை மாறும் வில்லை, எடையில்லாத வில்லை. 1935இன் நெளிந்த முகப்பு அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

நிலையலையின் சிமிட்டலும் வீணாகவில்லை. ஒளிபட்ட மூலக்கூறு சில, நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் ஒளிர்ந்து அடங்குகின்றன. அந்நேரத்தை நேரே அளப்பது அரிது. ஒளியைக் கோடி முறை சிமிட்டச் செய்து, திரும்பி வரும் ஒளிர்வு எவ்வளவு பின்தங்கிச் சிமிட்டுகிறது என்று பார்த்தால் நேரம் தெரிந்துவிடும். 1969இல் இசுபென்சரும் வெபரும் அமைத்த அளவியில் ஒளியைச் சிமிட்டியது மீயொலித் தொட்டிதான். இன்று ஒளிர்வு நேரத்தையே வண்ணமாகத் தீட்டிக் காட்டும் நுண்ணோக்கிகள் உள்ளன. உயிரணுவுக்குள் ஒரே மூலக்கூறு தனித்திருக்கும்போது ஒரு நேரமும், புரதத்தோடு இணைந்திருக்கும்போது வேறொரு நேரமும் ஒளிர்வதால், அவ்வுயிரணுவின் உயிர்ச்செயல் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சாயம் ஏற்றாமலே காணலாம்.

எல்லாவற்றினும் கடினமான களம் சதைக்குள் பார்ப்பது. உள்ளங்கையை விளக்கின்முன் பிடித்தால் சிவந்த ஒளி கசிகிறது. எலும்பின் உருவம் தெரிவதில்லை. ஒளி உள்ளே போகாமலில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே சிதறித் திசை மறந்துவிடுகிறது. மீயொலியோ சதைக்குள் நேரே செல்லும். ஆழத்தில் ஓரிடத்தில் மீயொலியைக் குவித்தால், அவ்விடத்தைக் கடந்த ஒளியில் மட்டும் ஒலியின் அதிர்வெண் ஏறிவிடும். சதையில் இது நிகழும் விதம் தெளிந்த நீரில் உள்ளதைவிடச் சிக்கலானதே. ஆயினும் ஒலி ஒளியின்மேல் பெயர் எழுதும் அடிப்படை ஒன்றே. வெளியே வரும் ஒளியில் அம்முத்திரை பெற்றதைப் பிரித்தெடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினால் அது மீண்டும் அந்த ஆழத்திலேயே குவியும். 2011இல் லிகாங் வாங்கின் குழு இதைச் செய்து காட்டியது. ஆனால் குருதி ஓடும் உயிருள்ள சதையில், ஒளி சென்ற வழிகள் நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் மாறிவிடுகின்றன. அதற்குள் அளந்து, கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒளியின் கட்டத்தை மாற்றி அனுப்ப வேண்டும். இங்கேதான் இன்றைய கருவிகள் தடுமாறுகின்றன.

பல புள்ளிகளை ஒருங்கே ஆளும் கருவிகள் வேறு உண்டு. நீர்மப் படிகத் திரை இலட்சக்கணக்கான புள்ளிகளை ஆளும். ஆனால் பொதுவகைப் படிகம் திரும்ப நொடியில் ஆயிரத்தில் பல பங்கு எடுக்கும். 1980இல் கிளார்க்கும் லாகர்வாலும் கண்ட வேறுவகை நீர்மப் படிகம் நுண்ணொடி அளவில் திரும்பும். 1987இல் ஆர்ன்பெக்கு ஆக்கிய நுண்கண்ணாடித் தகடு நொடிக்குப் பல்லாயிரம் கோலம் காட்டும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரு நிலை மட்டுமே உண்டு. இத்துறையிலும் இராமனின் குடும்பத்தவர் இருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. அவருடைய மருகர் பஞ்சரத்தினம் 1956இல், தம் இருபத்திரண்டாம் வயதில், ஒளியின் அதிர்வுப் பாங்காகிய முனைவாக்கத்தைச் சுற்றித் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தால் ஒரு கட்டம் மிஞ்சும் என்று கண்டார். தட்டை வில்லைகள் இன்று அக்கட்டத்தைக் கொண்டே இயங்குகின்றன. மற்றொரு மருகர் சந்திரசேகர், வட்டுவடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிகமாகும் என்பதைப் பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் 1977இல் தம் குழுவினரோடு காட்டினார்.

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறும் மாணவர்கள் பிள்ளைச்சாவடிப் பொறியியல் கூடத்துக்கும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் செல்கிறார்கள். பொறியியல் முதலாண்டுப் பாடத்தில் ஒலிக் கீற்றணி என்று ஒரு பகுதி வரும். நீர்மத்தில் ஒலியின் வேகத்தைக் காணும் ஒரு வாய்பாடாகவே அது பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து போய்விடுகிறது. ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு குவார்ட்சுத் தகடு, அதை அதிர்விக்கும் மின்சுற்று, ஒரு சிறு சீரொளி விளக்கு, இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவர்: இவ்வளவே தேவை. அறையை இருளாக்கி, ஒலியை மெல்லக் கூட்டி, நடுப்புள்ளி அணையும் கணத்தை மாணவர் தம் கண்ணால் காணும்படி செய்யுங்கள். அக்கணத்துக்குரிய எண் 2.405 என்பதையும், அதை எழுதியவர்கள் இராமனும் நாகேந்திர நாத்தும் என்பதையும், அது அச்சேறியது 1935இல் பெங்களூருவில் என்பதையும் அவ்விருளிலேயே சொல்லுங்கள்.